பூஜைப் பாட்டும் டீச்சரின் மூக்கும்

என் வாய்க்கொழுப்பால் கைநழுவிப் போகவிருந்த ஒரு கேஸைத்தான் எழுதுவேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது வேறு. "இத்தனை வருஷத்துல கெட்டுப்போன டிஸ்க்லேர்ந்து நீங்க மீட்டுக் கொடுத்ததுல பெரிய கேஸா நாலு எழுதிக் குடுங்க பிலோமினா, புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். ஜெயித்த கதையைப் படித்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? அதில் பாதி மெஷினுடைய சாமர்த்தியம். ரிட்டயர் ஆகிவிட்டேன், இனி யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. நான் சொதப்பியதையே சொல்கிறேன். நடுவில் போனை நோண்டாமல் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நம்மிடம் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முழு உண்மையையும் சொல்ல மாட்டார்கள். "ஒண்ணும் பண்ணலைங்க, தானா போயிடுச்சு" என்பார்கள். வானகரத்திலிருந்து ஒரு கல்யாண போட்டோகிராஃபர் வந்தார். மழையில் நனைந்த டிஸ்க். ஒன்றுமே செய்யவில்லை, அப்படியே எடுத்து வந்தேன் என்று அடித்துச் சொன்னார். திறந்து பார்த்தால் உள்ளே மூன்று எறும்பும் ஒரு துண்டு ஜவ்வரிசி வடகமும். மொட்டை மாடியில் வடகத்தோடு சேர்த்துக் காயப் போட்டிருக்கிறார் மனிதர். அவரைப் பிடித்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. பிலோமினாவிடம் பொய் சொல்ல முடியாது என்று ஆபீஸில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பெருமைதான் பிறகு காலை வாரிவிட்டது.

அது ஒரு ஆயுத பூஜை நாள். நம் அம்பத்தூர் ஆபீஸில் ஒரு ஏற்பாடு உண்டு, உங்களுக்கே தெரியும். கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், ஆயுத பூஜைக்கு நான். முந்தின நாள் மாலையே எல்லோருமாக ஆபீஸைக் கழுவித் துடைத்து, ஸ்க்ரூ டிரைவர் முதல் நகலெடுக்கும் மெஷின் வரை சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பூஜையில் வைத்த கருவியை மறுநாள்தான் எடுக்க வேண்டும். அதனால் எனக்கு அன்றைக்கு வேலை என்று எதுவும் இல்லை. போன் வந்தால் எடுத்து "நாளைக்கு வாங்க" என்று சொல்வது, பொரி தின்பது, அவ்வளவுதான்.

காலை பத்தரை இருக்கும். ஆட்டோவிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் தயாளன். நூம்பல் ஊர்க்காரர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட் வைத்து சிலிக்கானில் காது, விரல், மூக்கு செய்கிறவர். விபத்திலோ ஆபரேஷனிலோ இழந்தவர்களுக்கு, பார்த்தால் வித்தியாசம் தெரியாத மாதிரி செய்து தருவார். பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர் அவரிடம் வேலை செய்யும் கோபி, நாற்பது வயதைத் தாண்டியவர், நசரத்பேட்டையில் குடும்பம். முகத்தை ஸ்கேன் எடுப்பதும் சிலிக்கானுக்குத் தோல் நிறம் தீட்டுவதும் அவர் வேலை. மூன்றாவதாக மாஸ்க் போட்ட ஒரு அம்மா. வனிதா டீச்சர். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். மூக்கில் புற்றுநோய் வந்து மூன்று மாதத்துக்கு முன் மூக்கையே எடுத்துவிட்டார்கள்.

தயாளன் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க். அதன் மேல் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமப் பொட்டு.

"மேடம், இதுல டீச்சரோட மூக்கு கீது" என்றார்.

ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்பு டீச்சரின் முகத்தை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மூக்கு இருந்தபோது எடுத்தது. அதை வைத்துத்தான் அச்சு செய்ய வேண்டும். ஆபரேஷன் புண் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். அடுத்த வாரம் வேலையை ஆரம்பிப்பதாக இருந்தது.

"வேற காப்பி?"

"இல்ல மேடம். என் மூஞ்சி யாரு போனுக்கும் போவக்கூடாது, நெட்ல ஏத்தக் கூடாதுன்னு டீச்சர் கேட்டுக்கினாங்க. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன். கம்ப்யூட்டர்லகூட வெக்கல. இது ஒண்ணுல மட்டும் போட்டு டிராயர்ல பூட்டி வெச்சிருந்தேன்."

நேற்று பூஜைக்காக ஷெட்டைச் சுத்தம் செய்யச் சொல்லி எல்லாச் சாவியையும் கோபியிடம் கொடுத்திருக்கிறார். கோபி சுத்தம் என்றால் சுத்தம் செய்கிற ஆள். மெஷினை எல்லாம் துடைத்து எண்ணெய் போட்டார். டிராயரில் டிஸ்க் இருந்தது. இதில் இருப்பதையெல்லாம் தயாளன் கம்ப்யூட்டரிலும் ஏற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, பூஜைக்கு வைக்கிற சாமான் உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று ஃபார்மட் போட்டிருக்கிறார். சாமிக்கு முன் அழுக்கு மெஷினை வைக்கக் கூடாது, குப்பை நிறைந்த டிஸ்க்கை மட்டும் வைக்கலாமா? அவர் கணக்கு அது.

ஃபார்மட் மட்டும் என்றால் எனக்குப் பதற்றமே இல்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் போகும், ஃபைல் அங்கேயேதான் கிடக்கும். அதற்கு மேலே புதிதாக எதையாவது எழுதினால்தான் ஆபத்து. அதனால் கேட்டேன், "அதுக்கப்புறம் இதுல எதையாவது ஏத்தினீங்களா?"

தயாளன்தான் சொன்னார். "காலையில ஆரத்தி காட்டிக்கினு இருந்தேன் மேடம். ஸ்பீக்கர்ல அம்மன் பாட்டு ஓடுது. எங்கேர்ந்துடா பாட்டு வருதுன்னு பார்த்தேன். ஸ்பீக்கர் பின்னாடி இந்த டிஸ்க் சொருவிக் கீது. அப்பவே தட்டைக் கீழ வெச்சிட்டேன்."

நவராத்திரி ஒன்பது நாள் பாட்டு, வீடியோ என்று அள்ளிப் போட்டிருக்கிறார் கோபி. எனக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று கத்தினேன். "மூளைன்னு ஒண்ணு இருக்கா உனக்கு? ஒரு பொம்பளையோட மூஞ்சிய்யா அது! அது மேல போய் பாட்டைப் போட்டு வெச்சிருக்கியே!" நாற்பது வயது மனிதரை, அவருடைய முதலாளி முன்னால், அந்த டீச்சர் முன்னால், நீ வா போ என்று பேசினேன். அவர் "மேடம், இன்னொரு..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை பேசாத. பண்ணது போதும். வெளிய போய் நில்லு."

போய் நின்றார். அந்த "இன்னொரு" என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

டீச்சரிடம் திரும்பினேன். போட்டோவை வைத்துச் செய்ய முடியாதா என்று கேட்டேன். தயாளன் தலையை ஆட்டினார். "செய்யலாம். மூக்கு மாதிரி ஒண்ணு வரும். அவங்க மூக்கு வராது."

டீச்சர் முதன்முறையாகப் பேசினார். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் காற்றோடு வந்தது. "ஒரு நாள் ஸ்கூலுக்குப் போனேங்க, மாஸ்க்கோட. ஒரு குட்டிப் பொண்ணு ஓடி வந்து கட்டிக்கிச்சு. கட்டிக்கிட்டே மாஸ்க்கை இழுத்துடுச்சு. அப்புறம் அது போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. வேற யாரோட மூக்கையோ ஒட்டிக்கிட்டு அந்தப் பிள்ளைங்க முன்னாடி போய் நிக்க எனக்கு மனசு இல்ல. என் மூக்கோட போகணும். இல்லைன்னா போகவே வேணாம்னு இருக்கேன்."

இப்போது அவசரம் எனக்குத்தான். ஆனால் முதலில் டிஸ்க்கை அப்படியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலில்தான் தேட வேண்டும். அசலில் கை வைக்கக் கூடாது. நகலெடுக்கும் மெஷினோ சாமி படத்துக்கு முன்னால் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தயக்கம். நான் வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். மற்றவர்கள் பக்தியோடு வைத்துவிட்டுப் போனதை நான் போய் எடுத்தால் நாளைக்கு முகம் கொடுத்துப் பேச முடியுமா? முதலாளிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. தயாளன் செருப்பைக் கழற்றினார். படத்துக்கு முன்னால் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, கோச்சுக்காத, இது உன் வேலைதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு மெஷினைத் தூக்கி என் மேஜையில் வைத்தார். குங்குமத்தோடேயே ஓட்டினேன்.

நகல் முடிய நாலு மணி நேரம். "மேடம், சும்மா ஒரு தபா தொறந்து பாக்கலாமே, கீதா இல்லையான்னு தெரிஞ்சா போதும்" என்று தயாளன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார். முடியாது என்றேன். இந்த ஒரு விஷயத்தில் நான் சரியாக நடந்துகொண்டேன். கண்ணெதிரே பாதிக்கப்பட்டவர் உட்கார்ந்து நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது சும்மா இருப்பதுதான் நம் வேலையிலேயே கஷ்டமான பகுதி. டீச்சர் சுவரோரம் உட்கார்ந்து, பொரியில் இருந்த கடலையை மட்டும் தனியாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். மாஸ்க்கை எடுக்க வேண்டும் என்பதால் அவர் ஒன்றையும் சாப்பிடவில்லை. கோபி வெளியே வெயிலில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவரை நான் உள்ளே கூப்பிடவில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மூன்று மணிக்கு நகல் முடிந்தது, தேட ஆரம்பித்தேன். ஃபைல்கள் பெயரில்லாமல் நூற்றுக்கணக்கில் வந்தன. யாருடையதோ காது, யாருடையதோ கட்டைவிரல். தயாளனுக்கு டீச்சர் ஃபைலின் அளவு நினைவிருந்தது. அந்த அளவில் ஒன்றே ஒன்று இருந்தது. திறந்தேன்.

திரையில் மெதுவாக ஒரு முகம் எழுந்தது. நெற்றி வந்தது. புருவம் வந்தது. இரண்டு கன்னமும் தாடையும் வந்தன. நடுவில் ஒன்றும் வரவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்து மேலுதடு வரை ஓட்டை. அந்த இடத்தில் அம்மன் பாட்டு உட்கார்ந்திருந்தது.

திரையைத் திருப்புவதற்குள் டீச்சர் பின்னால் வந்து நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். "இப்ப நான் இருக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

எத்தனையோ பேரிடம் "போச்சு" என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சொல்ல வரவில்லை. தயாளன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை தேடினேன், அதே ஓட்டை. மூன்றாவது தடவையும் அதே. பாதிபாதியாக, சிதைந்து வந்த ஃபைல்களை எல்லாம் குப்பை என்று ஏற்கெனவே தனியாக ஒதுக்கியிருந்தேன், அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. முழு முகத்தைத் தேடுகிறவளுக்கு அரை முகம் எதற்கு? கடைசியில் டிராயரைத் திறந்து 'மீட்க இயலவில்லை' படிவத்தை எடுத்தேன். பேனா மூடியையும் கழற்றிவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் டீச்சரைக் காணோம். வெளியே படிக்கட்டில் கோபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"கோபி, நீங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்று கடலைக் காகிதத்தை நீட்டினார். "என் கிளாஸ்ல எதையாவது உடைச்சா, யார் உடைச்சதுன்னு நான் கேக்கவே மாட்டேன். கேட்டா எல்லாரும் கம்முனு ஆயிடுவாங்க. உடைஞ்சப்புறம் என்ன ஆச்சு, முன்னாடி என்ன ஆச்சு, அதை மட்டும் சொல்லுன்னு கேப்பேன். நீங்களும் சொல்லுங்க. அந்த டிஸ்க்ல நீங்க வேற என்ன பண்ணீங்க?"

கோபி பொலபொலவென்று அழுதார். "டீச்சர், அது ரெண்டாவது தபா எடுத்தது டீச்சர். மொதல்ல ஒண்ணு எடுத்தேனே, ஞாபகம் கீதா? நீங்க சிரிச்சிட்டீங்களே?"

"ஆமா," என்றார் டீச்சர். "'ஸ்கூல்ல போட்டோ எடுக்கிற அன்னிக்கு நீங்க பசங்களை மெரட்டுவீங்கல்ல, அதே மாரி ஆடாம அசையாம கைகட்டி வாய்பொத்தி உக்காருங்க டீச்சர்'னு எனக்கே ஜோக் அடிச்சீங்க."

"நீங்க சிரிச்சதுல கன்னம் ஆடிப் போச்சு. நெத்தி எடுக்கறதுக்கு முன்னாடியே பாதியில நிறுத்திட்டேன். அதுவும் இந்த டிஸ்க்லதான் ஏறிச்சு, வேஸ்ட்டுன்னு அப்பவே டெலீட் பண்ணிட்டேன். காலையிலயே மேடமாண்ட சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். பேசாத, வெளிய போன்னுட்டாங்க. டெலீட்டும் பண்ணிக்கீறான்னு தெரிஞ்சா இன்னும் திட்டுவாங்கன்னு கம்முனு உக்காந்துக்கினேன்."

பேனா என் கையிலிருந்து விழுந்தது. ஆறு மணி நேரம்! அந்த மனிதர் ஆறு மணி நேரம் பதிலை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவர் வாயை அடைத்துவிட்டு உள்ளே மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஃபார்மட்டுக்கு முன்னால் டெலீட் செய்ததும் அதே டிஸ்க்கில்தான் கிடக்கும். அதன் மேல் பாட்டு ஏறியிருக்கலாம், ஏறாமலும் இருக்கலாம்.

வெளியே போனேன். "கோபி சார், உள்ள வாங்க" என்றேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் அவர் பயந்து சுவரோரம் ஒதுங்கினார். எனக்கு வெட்கமாகிவிட்டது. "காலையில பேசினது தப்பு. மன்னிச்சுக்குங்க. உக்காந்து சொல்லுங்க, அது எவ்வளவு பெரிசு? எதுவரைக்கும் எடுத்தீங்க?"

"கண்ணுலேர்ந்து மேலொதடு வரைக்கும்தான் மேடம். முழுசுல கால்வாசிகூட இருக்காது."

கண்ணிலிருந்து மேலுதடு வரை. ஓட்டை விழுந்த அதே இடம். குப்பை என்று ஒதுக்கி வைத்ததைத் திறந்தேன். அளவை வைத்து வடிகட்டியதும் பதினொன்று மிஞ்சியது. முதலாவது ஒரு உள்ளங்கை. இரண்டாவது திறக்கவே இல்லை. மூன்றும் நான்கும் காது. ஐந்தாவதில் பாதி அழிந்த ஒரு தாடை. தயாளன் என் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தார். ஆறு, ஏழு, எட்டு, ஒன்றும் இல்லை. ஒன்பதாவதைத் திறக்கும்போது மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

திரையில் ஒரு மூக்கு வந்தது. சின்ன மூக்கு. இடது பக்கம் மூக்குத்திக் குழி. இரண்டு மூக்குத் துவாரமும் லேசாக விரிந்து, பக்கத்தில் கன்னம் மேலேறி, கண்ணோரம் சுருங்கி இருந்தது. நெற்றி இல்லை, வாய் இல்லை. அதைப் பார்த்தாலே அந்த மனுஷி சிரிக்கிறார் என்று தெரிந்தது.

டீச்சர் கையை நீட்டித் திரையில் அந்த மூக்குத்திக் குழியைத் தொட்டுப் பார்த்தார். தயாளன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கோபி வெளியே ஓடிப் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

பிள்ளைகளா, உங்களுக்கும் கோபம் வரும். ஒருவர் செய்த முட்டாள்தனத்தைக் கேட்டால் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். கொதிக்கட்டும். ஆனால் தவறு செய்தவர்தான் அந்த டிஸ்க்கைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்த ஆள். ஃபார்மட் போட்ட கை அவருடையது, அதற்கு முன்னால் அதில் என்ன இருந்தது, எது போனது, எதை எப்போது அழித்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரை விரட்டிவிட்டால் நீங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிறீர்கள். முதலில் நாற்காலி போடுங்கள். தண்ணீர் கொடுங்கள். "ஏன் பண்ணீங்க" என்று கேட்காதீர்கள், "அப்புறம் என்ன ஆச்சு" என்று கேளுங்கள். இதை எனக்கு எந்த மேனேஜரும் சொல்லித் தரவில்லை, எல்.கே.ஜி. டீச்சர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து சொல்லித் தந்தார்.

ஆறு வாரம் கழித்துத் தயாளன் கூப்பிட்டார். மூக்கு தயார், டீச்சர் வருகிறார், நீங்களும் வாருங்கள் என்றார். போனேன். டீச்சர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருக்க, தயாளன் மூக்கைப் பொருத்தி, மேலே மூக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டார். தோல் நிறம் முழுக்கக் கோபியின் கைவேலை, எங்கே சிலிக்கான் முடிந்து எங்கே தோல் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தயாளனுக்கு மட்டும் ஒரு குறை.

"டீச்சர், சிரிக்கறப்ப எடுத்ததால ரெண்டு பக்கமும் கொஞ்சம் விரிஞ்சாப்ல கீது. ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா சரி பண்ணிடறேன்."

"வேணாம்" என்றார் டீச்சர். "இப்படியே இருக்கட்டும். இதோடவே திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போறேன்."

கோபி அறைக் கோடியில் சுவரைப் பார்த்தபடி பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். சுத்தமான பிரஷ்ஷைத் திரும்பத் திரும்பக் கழுவினார். அந்த ஆறு வாரமும் நிறம் தீட்டுவதற்காக டீச்சர் முகத்துக்கு எதிரே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு தடவைகூட அவர் கண்ணைப் பார்த்ததில்லை என்று தயாளன் என்னிடம் சொல்லியிருந்தார்.

டீச்சர் எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். "கோபி, என்னைப் பாருங்க."

"வேணாம் டீச்சர்."

"அட, நிமிர்ந்து பாருங்க. நீங்க சொன்ன ஜோக்குக்குச் சிரிச்ச மூக்குங்க இது."

கோபி குழாயை மூடினார். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.